பக்கவாத்தியத்துக்கு எம்.ஏ.வா?

பியானோவில் மேல்படிப்பு என்றால் தஞ்சாவூரில் ஓரளவு புரிந்துகொள்வார்கள். "சினிமாவுக்கு மியூசிக் போடப் போறா போல" என்று சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார்கள். மற்றவர்கள் பாடும்போதும் வயலின் வாசிக்கும்போதும் கூட உட்கார்ந்து வாசிப்பதற்கென்றே அமெரிக்காவில் இரண்டு வருஷ முதுகலைப் படிப்பு இருக்கிறது, அதற்குத்தான் போகிறேன் என்று நான் சொன்னபோது பெரியத்தை கேட்டதுதான் தலைப்பில் இருக்கும் கேள்வி. கேட்டது ஒரு மிருதங்கக்காரர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு, அதுவும் அந்த மிருதங்கக்காரரின் அக்காவாக இருந்துகொண்டு. அப்பா கோபித்துக்கொள்ளவில்லை. "எனக்கு அந்த எம்.ஏ. முடிக்கப் பதினஞ்சு வருஷம் ஆச்சுக்கா. இவளுக்கு ரெண்டே வருஷத்துல குடுக்கறாங்களாம், போயிட்டு வரட்டுமே" என்றார்.

சமீபத்தில் மயிலாடுதுறையிலிருந்து ஒரு பையன் இதே படிப்பைப் பற்றி விசாரிக்க வந்தான். லண்டன் டிரினிட்டி கல்லூரியின் பியானோ பரீட்சையில் எட்டாவது கிரேடு முடித்தவன், பி.காம். கடைசி வருஷம், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கீபோர்டு வாசிக்கிறான். கூட வந்த அவன் அப்பா சுற்றி வளைக்கவில்லை. "தனியா வாசிச்சா பேரு வரும் மேடம். இன்னொருத்தருக்கு வாசிக்கறதுக்கு எதுக்கு இவ்வளவு செலவு பண்ணிக்கிட்டுப் போகணும்?" நியாயமான கேள்வி. காபி ஆறுவதற்குள் நான் சொன்ன பதில் அவருக்குப் போதவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. அதனால் கொஞ்சம் விரித்தே எழுதிவிடுகிறேன்.

படிப்பு ஒன்றும் நேற்று முளைத்ததல்ல. தெற்கு கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் 1947-இல் க்வென்டலின் கோல்டாஃப்ஸ்கி என்ற பியானோ கலைஞர் இதைத் தனிப் பட்டமாகத் தொடங்கினார். அதற்கு முன்பெல்லாம் நோட்டைப் பார்த்ததும் வாசிக்க வருகிறவர் யாரோ, அவரைப் பிடித்து உட்கார வைத்துவிடுவார்கள். அவர் அதை எங்கே, எப்படிக் கற்றார் என்று யாரும் கேட்டதில்லை. இன்று ஜூலியார்ட், ஈஸ்ட்மன், மிச்சிகன், லண்டனில் ராயல் அகாடமி, கில்டுஹால் என்று பல இடங்களில் இந்தப் படிப்பு இருக்கிறது. அமெரிக்காவில் முனைவர் பட்டம் வரைக்கும் போகலாம். பாடத்திட்டத்தில் இத்தாலியன், ஜெர்மன், பிரெஞ்சு, ஆங்கில உச்சரிப்பு இருக்கும். கவிதைக்கு மெட்டமைத்த கலைப்பாடல்கள், வயலின், செல்லோ, கிளாரினெட் சொனாட்டாக்கள் (அந்த வாத்தியமும் பியானோவும் சேர்ந்து வாசிக்கும் நீண்ட உருப்படிகள்), ஆபரா என்ற இசை நாடகத்தின் ஒத்திகைக்கு வாசிப்பது, ஆர்கெஸ்ட்ரா பகுதியைப் பியானோவில் சுருக்குவது, பார்த்தவுடன் வாசிப்பது, சுருதி மாற்றி வாசிப்பது எல்லாம் இருக்கும். விரல்கள் ஏற்கெனவே ஓடும் என்று வைத்துக்கொண்டுதான் ஆரம்பிக்கிறார்கள். ஓடாதவர்களை நுழைவுத் தேர்விலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

அப்பாவுக்கு வாய்த்த பாடத்திட்டம் எந்தத் தாளிலும் கிடையாது. பள்ளிக்கூடம் விட்டதும் நேரே மேலவீதிப் பக்கம் குருநாதர் வீட்டுக்குப் போய்விடுவாராம். முதல் சில வருஷங்கள் மிருதங்கத்தைத் தொட்டதைவிடப் பாட்டு வகுப்பில் ஓரமாக உட்கார்ந்து தாளம் போட்டதுதான் அதிகம். குருநாதர் திடீரென்று ஒரு கீர்த்தனையைச் சொல்லி, "எடுப்பு எங்கடா?" என்பார், அதாவது பாட்டு தாளத்தில் எந்த இடத்தில் தொடங்குகிறது என்று. தாளத்தின் முதல் தட்டான சமத்திலா, அரை இடம் தள்ளியா, முக்கால் இடமா? அனுபல்லவிக்கும் அதே எடுப்பா? சரணத்தில் எந்தச் சொல்லில் நிரவலுக்கு, ஒரே வரியைப் பல விதமாகப் பாட, நிற்பார்கள்? வாயால் சொன்னால் போதாது, பாடிக் காட்ட வேண்டும். அப்பாவுக்குக் குரல் கிடையாது, அது அவருக்கே தெரியும். ஆனாலும் நூற்றுக்கணக்கான கீர்த்தனைகளைச் சாகித்தியம் பிசகாமல் முதலிலிருந்து கடைசிவரை பாடுவார், சமையல்கட்டிலிருந்து அம்மா "போதுமே" என்கிறவரை. பாட்டுக்கு வாசிக்கிறவர் என்று ஒரு மிருதங்கக்காரரைச் சொன்னால் அதைவிடப் பெரிய பாராட்டு அந்த வட்டாரத்தில் இல்லை. அந்தப் பெயர் இந்த மனப்பாடத்தில்தான் தொடங்குகிறது.

பட்டப்படிப்பிலும் முதல் வேலை அதுவே. ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஷூபர்ட்டின் பாட்டு ஒன்றை எடுத்தால் பியானோவின் மூடியைத் திறக்கும் முன் கவிதையைச் சத்தமாகப் படிக்க வேண்டும். ஒவ்வொரு சொல்லுக்கும் அடியில் பென்சிலால் பொருள் எழுதியிருக்க வேண்டும். பொருள் என்றால் மொத்தக் கருத்து இல்லை, சொல்லுக்குச் சொல். அப்புறம் பாடகரின் மெட்டை நாமே பாடிக்கொண்டு பியானோ பகுதியை வாசிக்க வேண்டும். கழுதைக் குரலாக இருந்தாலும் பரவாயில்லை, பாடித்தான் ஆக வேண்டும். பாடும்போதுதான் மூச்சு எங்கே முடிகிறது என்று நம் விலா எலும்புக்கே தெரியும். இதையெல்லாம் செய்தபிறகுதான் பாடகர் அறைக்குள் வருவார். தனி வாசிப்பிலேயே வளர்ந்து வந்த சில பேர் இந்தக் கட்டத்தில் முகம் சுளித்தார்கள். எனக்கு அது வீட்டுப் பழக்கமாக இருந்தது.

அங்கே நான் கற்ற விஷயங்களில் ஒன்றை மட்டும் கிட்டத்தில் வைத்துக் காட்டுகிறேன். ஜெர்மனில் 'ஷ்ட்ரோம்' என்று ஒரு சொல் உண்டு, ஓடும் பெரிய ஆற்றைச் சொல்வது. அந்தச் சொல் ஒரு தாளச் சுற்றின் (மேல்நாட்டில் 'பார்' என்பார்கள்) முதல் தட்டில் விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பாடகர் எப்போது 'ஷ்' என்று தொடங்க வேண்டும்? தட்டில் விழ வேண்டியது 'ஓ' என்ற உயிர். அதற்கு முன்னால் இருக்கும் ஷ், ட், ர் மூன்று மெய்களையும் தட்டுக்கு முன்பே முடித்தாக வேண்டும். இப்போது பியானோக்காரரின் பாடு என்ன? 'ஷ்' காதில் விழுந்ததும் கட்டையை அமுக்கினால் முந்திவிடும். பாடகருக்கு முதுகில் கை வைத்துத் தள்ளியது போல இருக்கும். 'ஓ' கேட்கட்டும் என்று காத்திருந்தால் பிந்திவிடும். மெய்கள் உருளும் அந்த அரைக்கணத்திலேயே விரல் இறங்கத் தொடங்கியிருக்க வேண்டும். எங்கள் ஆசிரியர் இந்த ஒரு சொல்லையே பிடித்துக்கொண்டு ஒரு முழு வகுப்பை ஓட்டினார். பாரிடோன் குரல் பையன் ஒருவன் சொல்லிக்கொண்டே இருப்பான், வரிசையாக ஒவ்வொருவரும் பியானோவில் ஒரே ஒரு கார்டை (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டை) வைக்க வேண்டும். அவ்வளவுதான் வகுப்பு. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்குப் பைத்தியக்காரத்தனமாகத்தான் இருந்திருக்கும்.

தமிழ்க் காதுக்கு இது கொஞ்சம் கூடுதல் கஷ்டம். நம் சொற்கள் இரண்டு மெய்களைச் சேர்த்துக்கொண்டு தொடங்குவதில்லை. 'காவிரி' என்றால் 'கா'வும் தட்டும் ஒன்றாகவே விழுந்துவிடும். அதற்காக நம் ஊர் சங்கீதத்துக்கு இந்தத் தொல்லையே இல்லை என்று சொல்ல முடியாது. திருவாரூரில் பிறந்த முத்துசுவாமி தீட்சிதரின் சமஸ்கிருதக் கிருதிகளில் 'ஸ்ரீ' என்று தொடங்குபவை ஏராளம். அந்த 'ஸ்'ஸை எடுப்புக்கு முன்னாலேயே பாடகர் உதட்டில் பார்த்துவிடுவேன் என்று அப்பா சொல்வார். தொலைபேசியில் நான் 'ஷ்ட்ரோம்' கதையைச் சொன்னபோது அவர் வியக்கவில்லை. "இதை நோட்டுல எழுதி வச்சிருக்கானா?" என்று மட்டும் கேட்டார். எழுதியும் வைத்திருக்கிறார்கள், அச்சிட்டும் விற்கிறார்கள்.

உட்காரும் இடத்தில்தான் பெரிய வித்தியாசம். கச்சேரி மேடையில் மிருதங்கம் பாடகரின் வலப்பக்கம், வயலின் இடப்பக்கம். அப்பாவுக்குப் பாடகரின் முகம் பக்கவாட்டில் தெரியும். கண் ஜாடை, தலையாட்டல், தொடையில் தாளம் போடும் கை எல்லாம் தெரியும். பியானோக்காரருக்கு அந்த வசதி இல்லை. பாடகர் பியானோவின் வளைவில் சபையைப் பார்த்து நிற்பார். நமக்குத் தெரிவது முதுகும் தோளும் காது நுனியும்தான். அதனால் முதுகைப் படிக்கக் கற்றுக்கொடுக்கிறார்கள். மூச்சு இழுக்கும்போது கீழ் விலா பின்பக்கமாக விரியும். நல்ல பாடகராக இருந்தால் அவர் சட்டையின் மடிப்பு அசைவதிலேயே அடுத்த அடி எவ்வளவு வேகத்தில் வரப்போகிறது என்று நமக்குத் தெரிந்துவிடும். மூச்சு மேலோட்டமாக இருந்தால் அந்த நீண்ட அடி தாங்காது, நாம் கொஞ்சம் முன்னே நகர்ந்து கொடுக்க வேண்டும். இதற்கு எந்தக் கிரேடு பரீட்சையும் மதிப்பெண் போடாது.

தப்பு நடக்கும்போது என்ன செய்வது என்பதற்கும் வகுப்பு உண்டு. பாடகர் காதில் ஆசிரியர் ஏதோ சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்துகொள்வார். பாடிக்கொண்டே வருகிறவர் ஓரிடத்தில் இரண்டாம் கண்ணியை விட்டுவிட்டு மூன்றாவதற்குத் தாவுவார், அல்லது இரண்டு தட்டு முன்னால் நுழைவார், அல்லது சொல் மறந்த மாதிரி நின்றே போவார். நாம் நிறுத்தாமல் அவரைப் போய்ப் பிடிக்க வேண்டும். கேட்பவர்களுக்குத் தையல் தெரியக்கூடாது. முதலில் எல்லோருக்கும் வியர்த்துக் கொட்டும். பிறகு ஒரு மாதிரி ருசி பிடித்துவிடும்.

இதற்கு நான் பார்த்த முதல் பாடம் பாபநாசம் பக்கம் ஒரு கோயில் திருவிழாக் கச்சேரியில். நான் அப்போது பள்ளிக்கூடச் சிறுமி, மேடைக்கு ஓரமாக உட்கார வைத்திருந்தார்கள். கற்பனையாகச் சுரம் பாடும் கல்பனாஸ்வரம் போய்க்கொண்டிருக்கும்போது பாடியவருக்கு அரை இடம் நழுவிவிட்டது. அப்பா அதுவரை நெய்துகொண்டிருந்த சொற்களையெல்லாம் சுருட்டி வைத்துவிட்டு, ஒரு ஆவர்த்தனம், ஒரு தாளச் சுற்று, முழுக்க வெறும் தட்டுகளாக, ஆரம்பப் பிள்ளை வாசிப்பது மாதிரி வாசித்தார். சமத்தில் தொப்பியில், அதாவது மிருதங்கத்தின் இடப்பக்கத்தில், கும்மென்று ஒரு கும்கி. அடுத்த சுற்றில் பாடகர் சரியாக எடுப்பில் வந்து விழுந்தார், அப்பாவின் கை மறுபடி பழையபடி ஓடியது. கைதட்டல் பாடகருக்குப் போயிற்று. மறுநாள் நான் கேட்டபோது அப்பா, "அவர் நல்லாப் பாடறவர், ஒரு நிமிஷம் கவனம் போச்சு. அதைப் போய் நான் மைக் போட்டுச் சொல்லணுமா?" என்றார்.

அப்புறம் வாசிக்காமல் விடுவது. வயலின் படிக்கிறவர்கள் மெண்டல்சோன், பிராம்ஸ் கான்செர்ட்டோக்களைப் பரீட்சையிலும் போட்டியிலும் வாசிக்கும்போது ஆர்கெஸ்ட்ரா இருக்காது, பியானோதான் இருக்கும். ஐம்பது அறுபது பேர் வாசிக்க எழுதியதை இரண்டு கைக்குள் திணித்து அச்சிட்டிருப்பார்கள். திணித்தவர் பெரும்பாலும் எதையும் விட மனசு வராதவராக இருப்பார். அதை அப்படியே வாசித்தால் கை ஒடியும், வயலினும் கேட்காது. எங்கள் ஆசிரியர் ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கத்தில் அடித்துக்கொண்டே போவார்: இது கொம்பு வாத்தியத்தின் நிரப்பல், வேண்டாம், இது டிம்பனியின் உருட்டல், இரண்டு சுரம் போதும், இந்த பாஸ், அடியில் இருக்கும் கீழ்ச் சுரம், மட்டும் போகக்கூடாது, வயலின்காரர் சுருதி சேர்க்க இதைத்தான் கேட்கிறார். கடைசியில் பக்கத்தில் பாதிகூட மிஞ்சாது, கேட்பதற்கோ முன்னைவிட ஆர்கெஸ்ட்ரா போல இருக்கும். மிருதங்க மேதை பாலக்காடு மணி ஐயர் கையை எடுத்துக்கொண்டு சும்மா இருக்கும் இடங்களைப் பற்றி அப்பா மணிக்கணக்கில் பேசுவார். அந்தப் பேச்சின் பொருள் எனக்கு இந்தப் பென்சிலைப் பார்த்தபிறகுதான் முழுசாகப் பிடிபட்டது.

எல்லாவற்றையும் விட்டுவிட முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். ஷூபர்ட் 1815-இல், பதினெட்டு வயதில், எழுதிய 'எர்ல்கோனிக்' பாட்டில் பியானோவின் வலக்கை குதிரைக் குளம்படியாக ஒரே சுரத்தை எட்டாவது சுரத்தோடு சேர்த்து மும்மூன்றாக அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். முன்கை மரத்துப்போகும். அதன் நான்கு வடிவங்களில் ஒன்றில் அவரே மும்மூன்றை இரண்டிரண்டாகக் குறைத்துச் சுலபமாக்கியிருக்கிறார். எழுதியவருக்கே அந்தச் சலுகை தேவைப்பட்டது என்பது பியானோக்காரர்களுக்கு ஒரு ஆறுதல்.

பெயர் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் மயிலாடுதுறைக்காரரின் கவலை அதுதான். இங்கே ஒரு சபாவின் நோட்டீஸில் பாடகர் பெயர் வாழை இலை அகலத்துக்கு, அப்பா பெயர் அச்சகத்தின் பெயருக்கு மேலே. ஒரு வருஷம் அதுவும் விட்டுப்போயிற்று. மியூசிக் அகாடமி சங்கீத கலாநிதிப் பட்டத்தை ஒரு மிருதங்கக்காரருக்குக் கொடுக்க 1966 வரை ஆயிற்று. அதை வாங்கியவர் மணி ஐயர், தஞ்சாவூர் வைத்தியநாத ஐயரிடம் பாடம் கேட்டவர். அவருக்கே அவ்வளவு காலம். மேல்நாட்டில் மட்டும் நிலைமை தங்கம் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஜெரால்டு மூர் என்ற ஆங்கிலேயர், பாடகர்களுக்கு வாசிப்பதையே வாழ்நாள் தொழிலாக வைத்துக்கொண்டவர், தன் காலம் முழுக்க இந்தச் சின்ன எழுத்தோடு மல்லுக்கட்டினார். அவர் ஓய்வு பெற்ற 1967-இல் லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் ஹாலில் மூன்று பெரிய பாடகர்கள் சேர்ந்து அவருக்காகவே ஒரு கச்சேரி செய்தார்கள். எல்லாம் முடிந்தபின் அவர் தனியாக உட்கார்ந்து ஒரு ஷூபர்ட் பாட்டை, பாட ஆளில்லாமல், பியானோவில் மட்டும் வாசித்தார். அப்படிப்பட்ட மரியாதை ஒரு தலைமுறைக்கு ஒருவருக்குக் கிடைக்கும்.

ஆனால் யார் பக்கம், யார் நடு என்பது கல்லில் எழுதியதும் அல்ல. 1778-இல் பாரிஸில் மொசார்ட்டின் சொனாட்டாக்கள் அச்சானபோது முகப்பில் இருந்தது: பியானோவுக்கான சொனாட்டாக்கள், வயலின் பக்கவாத்தியத்துடன். இன்று அதே சொனாட்டாக்களை வயலின் கச்சேரி என்று விளம்பரம் செய்கிறார்கள். பையனின் அப்பாவுக்கு இந்தத் தகவல் ரொம்பப் பிடித்துப்போயிற்று. "அப்ப ஒரிஜினலா நாமதான் மெயின்" என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை சொல்லிக்கொண்டார்.

டெல்டாவில் பியானோ ஏன் பாட்டோடு ஒட்டவில்லை என்று சிலர் கேட்பதுண்டு. மேல்நாட்டு சங்கீதம் இந்த மண்ணுக்குத் தெரியாததல்ல. 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி அரண்மனையில் மேல்நாட்டு வாத்தியக் குழு வைத்திருந்தார். அந்தக் கால மேல்நாட்டு இசைக்குறிப்புகள் சரஸ்வதி மகாலில் இருக்கின்றன. தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் வயலினை எடுத்து நம் பாட்டுக்குப் பழக்கினார். தீட்சிதரே ஆங்கிலேய பேண்டு மெட்டுகளுக்கு நோட்டுஸ்வர சாகித்தியம் செய்தார். வயலின் தங்கிவிட்டது, காரணம் அதில் விரல் வழுக்கும். பியானோவில் ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் நடுவே ஒன்றும் கிடையாது. தோடி ராகத்தில் அசைந்தபடியே வரும் காந்தாரத்தை அதில் எங்கே தேடுவது? கட்டை வாத்தியத்தின் மேல் நம்மவர்களுக்கு இருந்த சந்தேகம் வானொலி வரைக்கும் போனது. 1940-இல் அகில இந்திய வானொலி ஹார்மோனியத்தைத் தடை செய்தது, 1971-இல்தான் தளர்த்தினார்கள். அந்தத் தடை அநியாயம் என்பது என் கட்சி, ஆனால் கர்நாடக சங்கீதத்துக்குப் பியானோ பக்கவாத்தியம் என்ற சோதனைகள் எனக்கு ருசிப்பதில்லை. பியானோவுக்கு அதற்கென்றே எழுதிய பாட்டுகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. அவை நமக்கு வெகு தூரத்தில் இருக்கின்றன, அதுதான் சிக்கல்.

(தட்பவெப்பமும் அதன் பங்குக்குச் சதி செய்கிறது. என் வீட்டு நிமிர்ந்த பியானோவுக்குள் ஐப்பசி, கார்த்திகை முழுக்க ஒரு சின்ன பல்பு எரியும். இல்லாவிட்டால் கட்டைகள் ஊறி, அமுக்கியது அமுக்கியபடி நின்றுவிடும். சுருதி சேர்க்கிறவர் சென்னையிலிருந்து வர வேண்டும். அவர் வருகிற தேதிக்கு வீட்டில் கல்யாண நாள் குறித்த மரியாதை.)

இங்கே பிள்ளைகள் பியானோ கற்பது பெரும்பாலும் பரீட்சைக்கு. மூன்று பாட்டு, ஸ்கேல், கொஞ்சம் பார்த்தவுடன் வாசித்தல், சான்றிதழ், ஃப்ரேம். எட்டாவது கிரேடு வரை வந்த பிள்ளை ஒருவரோடுகூடச் சேர்ந்து வாசித்திருக்காது. கும்பகோணத்திலும் திருவாரூரிலும் வயலின் பரீட்சை எழுதுகிற பிள்ளைகளுக்குப் பியானோ வாசிக்க ஆள் கிடைக்காமல் அம்மாக்கள் எனக்குப் போன் செய்வார்கள். முந்தின நாள் சாயங்காலம் ஒரு ஒத்திகை, மறுநாள் பரீட்சை. அந்தப் பிள்ளை முதல் முறையாகப் பியானோவோடு வாசிக்கிறது. என் முன்னிசை முடிந்தும் தொடங்காமல் நிற்கும், அல்லது நான் வாசிப்பதைக் கேட்டுக்கொண்டே தன்னுடையதை மறந்துவிடும். இதே ஊரில் மிருதங்கம் கற்கிற பத்து வயதுப் பையன் வாரம் ஒருமுறையாவது ஒரு பாட்டுக்கு வாசித்துவிடுகிறான். திருவையாற்றில் தை மாதத் தியாகராஜர் ஆராதனையன்று பஞ்சரத்தினக் கிருதிகளுக்கு மிருதங்கத்தோடு வந்து உட்காரும் கூட்டத்தைப் பார்த்தால் தெரியும். பாதிப் பேர் இன்னும் கற்றுக்கொண்டிருப்பவர்கள். கூட வாசிப்பதை அவர்கள் கடைசிப் பாடமாக ஒத்திப்போடுவதில்லை. பியானோ வகுப்புகளில் நாம் அப்படித்தான் ஒத்திப்போடுகிறோம், ஆசிரியர்களாகிய எங்களைத்தான் சொல்கிறேன்.

ஆக, போகலாமா? பையனிடம் நான் சொன்னது இது. அந்த இரண்டு வருஷம் தருவதில் பெரிய பங்கு ஆட்கள்தான். காலை பத்து மணிக்கு ஒரு சொப்ரானோ பாடகி, பதினொன்றுக்கு ஒரு கிளாரினெட், மத்தியானம் செல்லோ, சாயங்காலம் ஆபரா ஒத்திகை. ஒரே பாட்டை நான்கு விதக் குரலுக்கு ஒரே வாரத்தில் வாசிக்கும்போது காது மாறிவிடும். மொழிகள் இன்னொன்று. மற்றதெல்லாம், சரியான ஒரு ஆசிரியர் கிடைத்தால், ஊரிலிருந்தே கற்கலாம். தனியாக மேடையில் மின்ன வேண்டும் என்ற ஆசை உள்ளுக்குள் இருந்தால் போக வேண்டாம். அது தப்பான ஆசை இல்லை, ஆனால் இந்தப் படிப்பு அதற்கு மருந்தும் இல்லை, வழியும் இல்லை.

செலவைப் பற்றி அவன் அப்பா குறிப்பெடுத்துக்கொண்டார். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பியானோக்காரர்களுக்கு உதவித்தொகை கிடைக்க வாய்ப்பு கூடுதல், ஏனென்றால் அங்குள்ள பாட்டு வகுப்புகளுக்கும் வயலின் வகுப்புகளுக்கும் வாசிக்க அவர்களுக்கு ஆள் வேண்டும். வாரத்துக்கு அதிகபட்சம் 20 மணி நேரம் வேலை, பதிலுக்குக் கட்டணத்தில் தள்ளுபடியும் கொஞ்சம் சம்பளமும். 20 மணி என்பது மேடையிலும் வகுப்பிலும் வாசிக்கிற நேரம். வீட்டில் பழகுகிற நேரத்துக்குக் கணக்கு இல்லை. மணிக்கட்டைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஜெர்மனியில் அரசு இசைக் கல்லூரிகளில் பெரும்பாலும் கல்விக் கட்டணமே கிடையாது. பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு அரையாண்டுக்கு 1,500 யூரோ. ஆனால் ஜெர்மன் மொழிச் சான்றிதழ் வேண்டும், சில இடங்களில் பாடகரும் பியானோக்காரரும் ஜோடியாகத்தான் சேர முடியும்.

உண்மையான மலை அதற்கு முன்னாலேயே நிற்கிறது. விண்ணப்பத்தோடு வீடியோ அனுப்ப வேண்டும், பெரும்பாலான அமெரிக்கக் கல்லூரிகளுக்கு டிசம்பர் முதல் தேதிக்குள். ஒரு வயலின் அல்லது செல்லோ சொனாட்டாவில் ஒரு பகுதி, இரண்டு மூன்று மொழிகளில் பாட்டுகள், ஆபராவிலிருந்து ஒரு ஆரியா, அதாவது தனிப்பாட்டு. கூடப் பாடுகிறவரை நாமே பிடித்துக்கொண்டு வர வேண்டும். மயிலாடுதுறையில் ஜெர்மன் பாட்டுப் பாட யாரைப் பிடிப்பது? சென்னைக்குத்தான் போக வேண்டும். அங்கே கே.எம். இசைக் கல்லூரியில் படிக்கிறவர்கள், மெட்ராஸ் மியூசிக்கல் அசோசியேஷன் சேர்ந்திசைக் குழுவில் பாடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் நல்ல பியானோக்காரர் கிடைப்பதில்லை, அதனால் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். மாதம் இரண்டு முறை சோழன் எக்ஸ்பிரஸில் ஏறு, அவர்கள் வகுப்புகளுக்குச் சும்மா வாசி என்றேன். அதுவே பாதிப் படிப்பு. பையன் போக ஆரம்பித்துவிட்டான்.

போன வாரம் போன் செய்தான். ஒரு மெஸ்ஸோ பாடகி கிடைத்திருக்கிறார், ஷூமான் பாட்டுக்கு ஒத்துக்கொண்டிருக்கிறார். ஆனால் அவன் பழகி வைத்திருக்கும் சுருதி அவருக்கு உயரம், ஒரு முழுச் சுரம் இறக்க வேண்டுமாம். மிருதங்கக்காரர்களுக்கு இது பெட்டிக் கணக்கு: ஒரு கட்டை சுருதியில் பாடும் ஆண் குரலுக்குத் தாழ்ந்த மிருதங்கம், ஐந்து கட்டை சுருதியில் பாடும் பெண் குரலுக்கு ஹெச்சு மிருதங்கம், மிச்சத்தைக் கல்லால் தட்டி ஏற்றி இறக்கிச் சேர்த்துவிடுவார்கள். பியானோவில் எல்லாக் கட்டையும் இருந்த இடத்தில் இருக்கும், நம் கைதான் மாற வேண்டும். "மிஸ், என் டிஜிட்டல் பியானோல டிரான்ஸ்போஸ் பட்டன் இருக்கே, அதை அமுக்கிட்டுப் பழகிக்கட்டுமா?" என்றான். கூடாது என்றேன். தேர்வு அறையில் இருக்கப்போவது அக்குஸ்டிக் பியானோ, அதில் பட்டன் கிடையாது. முதலில் பாஸை மட்டும் ஒரு சுரம் இறக்கி வாசி, மேலே மெட்டைப் பாடு; அது ஓடினபிறகு வலக்கையைச் சேர் என்று சொல்லியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச் ஆராதனை முடிந்ததும் வாசித்துக் காட்ட வருகிறான். அவன் அப்பாவும் வருகிறாராம், உதவித்தொகைப் படிவத்தில் ஏதோ ஒரு பத்தி புரியவில்லையாம்.